மூச்சுக்குக் காவல் நின்றவர்

ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் பெயரை நான் முதன்முதலில் கேட்டது வகுப்பறையில் அன்று. லுமுட் கடற்படைத் தளத்தைச் சேர்ந்த இராணுவ மருத்துவமனையின் நடையில், பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்திருந்தபோதுதான் கேட்டேன். உள்ளே, நீர்மூழ்கிக் கப்பல் போன்ற ஓர் இரும்பு அறைக்குள் என் அறைத்தோழன் படுத்திருந்தான்.

2023 ஆகஸ்டு விடுமுறையில் நாங்கள் ஐவர் ஈப்போவிலிருந்து ஒரே காரில் கிழக்குக் கரைத் தீவு ஒன்றுக்குப் போயிருந்தோம். ஐவருமே பேராக்கின் பழைய ரப்பர் தோட்டக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். எங்கள் தாத்தா பாட்டி கடலைப் பார்த்தது கப்பலில் வந்த அன்றைக்கும், மாசி மகத்திற்குமாகத்தான் இருக்கும். நாங்களோ கடலுக்கு அடியில் போய்ப் பவளப்பாறையைப் பார்த்துப் படம் எடுத்து வர ஆசைப்பட்டோம். தீவில் விலை மலிவாகச் சொன்ன முக்குளிப்பு மையம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். ஒரு தாளை நீட்டினார்கள்; படிக்காமலே கையொப்பமிட்டோம். ஆஸ்துமா உண்டா, காது வலி உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏழு பேருக்கு ஒரே வழிகாட்டி. முதன்முறை இறங்குபவர்களை 12 மீட்டருக்குக் கீழே கொண்டு போகக்கூடாது என்பது பயிற்சி அமைப்புகளின் பொதுவான விதி. நாங்கள் அதைவிட ஆழத்திற்குப் போனோம் என்பது கைக்கருவியைப் பார்த்தபின்தான் தெரிந்தது.

மூன்றாம் நாள் காலை, கடைசி முறை இறங்கியபோது என் நண்பனின் தோம்பில் காற்று குறைந்துவிட்டது. பதற்றத்தில் அவன் ஒரே மூச்சாக மேலே ஏறிவிட்டான். படகில் அவனுக்குத் தோள் வலித்தது. தோம்பு தூக்கிய வலி என்று சொல்லி வழிகாட்டி தைலம் தேய்த்துவிட்டார். படகில் ஆக்சிஜன் இல்லை. நாங்களும் பொருட்படுத்தவில்லை. அன்று மாலையே ஜெலியிலிருந்து கெரிக் செல்லும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் புறப்பட்டோம். அந்தச் சாலை தித்திவங்சா மலைத்தொடரில் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம் வரை ஏறுகிறது. கார் ஏற ஏற அவன் வலி கூடியது. விரல்கள் மரத்துப்போயின. மலை உச்சியில் காரைவிட்டு இறங்கியவனால் நிற்க முடியவில்லை. மருத்துவமனையொன்றில் சேர்த்து, அங்கிருந்து லுமுட்டுக்கு மாற்றினார்கள்.

அழுத்தம் மிகுந்த அறையில் ஆக்சிஜன் கொடுத்துப் பல மணி நேரம் சிகிச்சை நடந்தது. அந்த நேரத்தில்தான் மருத்துவர் ஒருவர் எங்களுக்கு நடந்ததை விளக்கினார். கடலடியிலிருந்து வேகமாக ஏறியது முதல் தவறு. அதே நாளில் மலை ஏறியது இரண்டாவது தவறு. இவற்றைத் தவறு என்று உலகுக்குக் கணக்குப் போட்டுக் காட்டியவர் ஹால்டேன் என்றார் அவர். நண்பன் பிழைத்தான், இரண்டு விரல்களில் மட்டும் மதமதப்பு சில மாதங்கள் இருந்தது. பல்கலைக்கழகம் திரும்பியதும் நான் ஹால்டேனைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, அந்தப் பெயர் லுமுட்டோடு மட்டுமன்றி என் பாட்டியின் தோட்டத்தோடும் தொடர்புடையது என்று கண்டு வியந்தேன். அவ்வாழ்க்கையைப் பேரவை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காற்றைத் தேடிய இளைஞர்

ஹால்டேன் 1860ஆம் ஆண்டு மே மாதம் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். செல்வாக்கு மிக்க குடும்பம். அவருடைய அண்ணன் ரிச்சர்ட் பர்டன் ஹால்டேன் பின்னாளில் பிரிட்டனின் போர் அமைச்சராகவும் தலைமை நீதித்துறைப் பதவியிலும் விளங்கியவர். தம்பி அரசியல் பக்கம் போகவில்லை. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1884இல் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்றவர் மருத்துவமனை வைத்துப் பொருள் ஈட்டியிருக்கலாம். அவரோ டண்டீ நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளுக்குள் நள்ளிரவில் நுழைந்தார். ஒரே அறையில் பலர் நெருக்கித் தூங்கும் வீடுகளிலும், பள்ளிக்கூடங்களிலும் காற்றைக் குப்பியில் பிடித்து ஆராய்ந்தார். நோயெல்லாம் சாக்கடைக் காற்றால் வருகிறது என்று அக்காலத்தில் பெரிதும் நம்பினார்கள். அவர் சாக்கடைகளுக்குள்ளும் இறங்கினார். அங்கிருந்த காற்று, எல்லாரும் அஞ்சிய அளவுக்குக் கெட்டதாக இல்லை என்று கண்டார். பிறர் சொன்னதை நம்பி எழுதுவது அவர் வழக்கமன்று. போய், இறங்கி, மூச்சிழுத்துப் பார்த்த பிறகே எழுதுவார். இறுதிவரை இந்தப் பழக்கத்தை அவர் விடவில்லை.

பின்னர் அவர் ஆக்ஸ்ஃபோர்டுக்குச் சென்றார். அங்கு அவருடைய தாய்மாமன் உடலியல் பேராசிரியராக இருந்தார். காற்றுப் புகாத மரப்பெட்டி ஒன்றைச் செய்து, அதற்குள் தாமே பல மணி நேரம் அடைபட்டு, தாம் விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப இழுத்தார். மனிதன் விடும் மூச்சில் ஏதோ ஓர் இனந்தெரியாத நஞ்சு இருக்கிறது என்ற கருத்து இதனால் அடிபட்டுப் போனது. அடைத்த அறையில் மூச்சு முட்டுவதற்குக் காரணம் கரியமில வாயு சேர்வதே என்பது தெளிவாயிற்று. 1905இல் பிரீஸ்ட்லி என்பவரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் ஒருபடி மேலே கொண்டு சென்றது. நாம் எவ்வளவு மூச்சு இழுக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது ஆக்சிஜன் அன்று, இரத்தத்தில் உள்ள கரியமில வாயுவே என்று அது நிறுவியது. இன்றும் மருத்துவ மாணவர்கள் படிக்கும் பாடம் இது.

சுரங்கத்தில் ஒரு சின்னப் பறவை

1896 ஜனவரியில் வேல்ஸ் நாட்டின் டைலர்ஸ்டவுன் நிலக்கரிச் சுரங்கத்தில் வெடிப்பு நிகழ்ந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் வெடியின் வேகத்தாலும் தீயாலும் செத்தார்கள் என்றே எல்லாரும் எண்ணினார்கள். ஹால்டேன் அங்கே சென்று உடல்களைப் பார்வையிட்டார், இரத்தத்தைச் சோதித்தார். பெரும்பாலோர் உடலில் செத்துப்போவதற்குரிய காயமே இல்லை. வெடிப்புக்குப் பின் சுரங்கத்தில் பரவிய கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக் காற்றே அவர்களைக் கொன்றது என்று அவர் அரசுக்கு அறிக்கை கொடுத்தார்.

இந்தக் காற்றுக்கு மணமில்லை, நிறமில்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் பொருளோடு இது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். ஹால்டேன் இதைத் தாமே முகர்ந்து, தம் இரத்தத்தில் பாதிக்கு மேல் நஞ்சேறும் வரை உட்கார்ந்து, ஒவ்வொரு நிமிடமும் தமக்கு என்ன ஆகிறது என்று குறித்து வைத்தார். இவ்வளவு துணிவு தேவைதானா என்று நமக்குத் தோன்றலாம். சுரங்கத் தொழிலாளி ஒவ்வொரு நாளும் எதிர்கொள்ளும் ஆபத்தை ஒருமுறையேனும் தாம் எதிர்கொள்ளாமல் அதைப்பற்றி விதி எழுத அவருக்கு மனம் வரவில்லை போலும்.

சிறிய உயிர்களுக்கு மூச்சு வேகம் அதிகம். ஆகவே மனிதனுக்கு உறைப்பதற்கு முன்பே அவற்றிற்கு நஞ்சு உறைக்கும். இதைக் கணக்கிட்ட ஹால்டேன், மீட்புப் பணிக்குச் செல்பவர்கள் எலியையோ சிறு பறவையையோ கூண்டில் எடுத்துச் செல்ல வேண்டும் என்று பரிந்துரைத்தார். கேனரி என்னும் மஞ்சள் குருவி சுரங்கங்களுக்குள் போனது இவ்வாறுதான். பிரிட்டிஷ் சுரங்கங்களில் 1986 வரை இப்பழக்கம் நீடித்தது.

முக்குளிப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தோம்பில் காற்றை அடைக்கும் இயந்திரத்தின் உறிஞ்சு குழாய் அருகே மின்னாக்கியோ படகு இயந்திரமோ புகை விட்டுக்கொண்டிருந்தால், அதே நச்சுக் காற்று தோம்புக்குள் போய்விடும். ஆழத்தில் அழுத்தம் கூடக்கூட அதன் கொடுமையும் கூடும். தோம்புக் காற்றைக் காலந்தோறும் சோதிக்க வேண்டும் என்ற இன்றைய விதியின் வேர் இங்கே இருக்கிறது.

கொக்கிப்புழுவும் நம் தோட்டங்களும்

நான் சற்றும் எதிர்பாராத பகுதி இது. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால் என்றொரு வட்டாரம். ஈயச் சுரங்கங்களுக்குப் பெயர்போனது. நம் கிந்தா பள்ளத்தாக்குக்கும் கார்ன்வாலுக்கும் நெருங்கிய உறவு உண்டு. கோப்பெங் வட்டாரத்தில் ஈயம் தோண்டிய பெரிய நிறுவனங்கள் கார்ன்வாலின் ரெட்ரூத் நகரோடு தொடர்புடையவை. அந்த ரெட்ரூத்துக்கு அருகில்தான் டோல்கோத் என்ற ஆழமான ஈயச் சுரங்கம் இருந்தது.

அந்தச் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் வெளிறி, மூச்சிரைத்து, தோலில் அரிப்பெடுத்து வாடினார்கள். கெட்ட காற்றுதான் காரணம் என்று கருதி, காற்று நிபுணரான ஹால்டேனை 1902இல் அழைத்தார்கள். அவர் காற்றைச் சோதித்தார். இந்த நோய்க்குக் காற்று காரணமன்று என்று கண்டார். தம் துறையே விடை என்று நிறுவும் ஆசை அவரை ஆட்டவில்லை. தொழிலாளர்களின் இரத்தத்தையும் மலத்தையும் சோதித்து, கொக்கிப்புழுவே காரணம் என்று காட்டினார். சுரங்கத்தின் வெப்பமும் ஈரமும் புழு வளர ஏற்றவை. கழிப்பிட வசதி இல்லாததால் மண் கெட்டு, புழு தோல் வழியே உடலுக்குள் ஏறியது. சுரங்கத்திற்குள் கழிப்பு வாளி வைக்க வேண்டும் என்பதே அவர் சொன்ன முதன்மையான தீர்வு. செலவு குறைந்த, எளிய தீர்வு.

மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலும் இதே கதைதான். வெறுங்காலோடு பால்மரம் வெட்டிய நம் முன்னோரை இரத்தச் சோகை வாட்டியது. 1915 முதல் 1917 வரை ராக்கஃபெல்லர் அறக்கட்டளையின் குழுவொன்று மலாயா, ஜாவா, ஃபிஜி ஆகிய இடங்களில் கொக்கிப்புழுவையும் மலேரியாவையும் ஆராய்ந்தது. பின்னாளில் தோட்டத்து டிரசர் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பூச்சி மருந்து கொடுத்ததைப் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். மருந்தைத் துப்பிவிடாமல் இருக்க மூக்கைப் பிடித்து ஊற்றுவார்களாம். சோம்பேறித்தனம் என்று கிராணி ஏசிய களைப்புக்குப் பின்னால் பல வேளைகளில் ஒரு புழு இருந்தது என்பதைப் பாட்டி அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஹால்டேன் நம் தோட்டங்களுக்கு வந்தவர் அல்லர். ஆனால் தொழிலாளி நோயுற்றால் அவனைக் குறை கூறாமல் அவன் வேலை செய்யும் இடத்தைச் சோதிக்க வேண்டும் என்ற அவருடைய வழி, நம் தோட்டங்களுக்கும் பொருந்தும் வழியாகும்.

ஆடுகள் சொன்ன பாடம்

இனி முக்குளிப்புக்கு வருவோம். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் நம்மீது ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. மேற்பரப்பில் ஒன்று, 10 மீட்டரில் இரண்டு, 30 மீட்டரில் நான்கு. அழுத்தம் கூடும்போது நாம் மூச்சிழுக்கும் காற்றில் உள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. தீபாவளிக்கு வாங்கி வைத்த ஆரஞ்சு போத்தலை நினைத்துக்கொள்ளுங்கள். மூடியிருக்கும்வரை குமிழியில்லை. சட்டென்று திறந்தால் பொங்கி வழியும். வேகமாக மேலே ஏறும் மனிதனின் உடலும் அப்படித்தான். குமிழிகள் மூட்டில் சேர்ந்தால் வலி, முதுகுத்தண்டில் சேர்ந்தால் கால் முடங்கும், உயிரும் போகலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாலங்களுக்கு ஆற்றடியில் அடித்தளம் போட்ட தொழிலாளர் பலர் இந்நோயால் முடங்கினர். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பாலமும் புரூக்ளின் பாலமும் இதற்குச் சான்று. நைட்ரஜன் குமிழிகளே காரணம் என்று பிரான்ஸ் நாட்டின் பால் பேர் 1878இல் விளக்கினார். காரணம் தெரிந்தது, ஆனால் எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தால் எப்படி ஏற வேண்டும் என்ற கணக்கு எவரிடமும் இல்லை. மெதுவாக, ஒரே சீராக ஏறு என்பதே அறிவுரையாக இருந்தது.

1905இல் பிரிட்டிஷ் கடற்படை ஆழ்கடல் முக்குளிப்பை ஆராயக் குழு அமைத்தது. ஹால்டேன் அதில் உறுப்பினரானார். அவர் முதலில் கவனித்தது கருவிகளை. அக்காலத்து முக்குளிப்பாளர் செம்புத் தலைக்கவசம் அணிவார். மேலே படகில் ஆட்கள் கையால் பம்பு அடித்துக் காற்று அனுப்புவார்கள். ஆழத்தில் பலர் மூச்சுத் திணறி மயங்கினார்கள். மனத்திடம் போதாது என்று அவர்களைப் பழித்தவர்களும் இருந்திருப்பார்கள். ஹால்டேன் தலைக்கவசத்தின் காற்றைச் சோதித்து, அதில் கரியமில வாயு தேங்குவதைக் கண்டார். பம்புகள் கசிந்தன, ஆழத்திற்கு ஏற்ற அளவு காற்று கீழே போய்ச் சேரவில்லை. பம்பைச் சீராக்கி, ஆழம் கூடக்கூடக் காற்றையும் கூட்டியதும் திணறல் நின்றது. குறை மனிதனிடம் இல்லை, கருவியில் இருந்தது.

அடுத்து அழுத்தக் கணக்கு. இலண்டனின் லிஸ்டர் ஆய்வுக்கூடத்தில் பெரிய இரும்பு அறை ஒன்று இருந்தது. அதற்குள் ஆடுகளை விட்டு அழுத்தத்தை ஏற்றி, பல வேகங்களில் இறக்கிப் பார்த்தார்கள். பாய்காட் என்ற மருத்துவ ஆய்வாளரும் டாமண்ட் என்ற கடற்படை அதிகாரியும் அவருக்குத் துணை. குமிழி தாக்கிய ஆடு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். சில ஆடுகள் செத்தன. உயிர்ச் சோதனையைப் பற்றி இன்று நமக்கு வேறு கருத்து இருக்கலாம். அந்த ஆடுகள் கொடுத்த விலையில்தான் நாம் இன்று கடலில் இறங்குகிறோம் என்பதையும் மறக்கக்கூடாது.

ஹால்டேன் ஓர் உண்மையைக் கவனித்தார். பத்து மீட்டர் ஆழத்தில், அதாவது இரண்டு வளிமண்டல அழுத்தத்தில், எவ்வளவு நேரம் இருந்தாலும் நேராக மேலே வந்தவருக்கு நோய் வருவதில்லை. இரண்டிலிருந்து ஒன்றுக்கு வருவது பாதுகாப்பு என்றால், நான்கிலிருந்து இரண்டுக்கு வருவதும் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்று அவர் கணித்தார். எனவே 30 மீட்டரில் இருப்பவர் முதலில் விரைவாகவே 10 மீட்டர் வரை ஏறலாம். அங்கே நின்று, உடலில் சேர்ந்த நைட்ரஜன் மூச்சுவழி வெளியேறக் காத்திருந்து, பிறகு படிப்படியாக ஏற வேண்டும். ஒரே சீராக மெதுவாக ஏறும் பழைய முறையில், ஆழத்தில் செலவிடும் நேரத்தில் மேலும் நைட்ரஜன் சேர்கிறது. மேற்பரப்புக்கு அருகில் போதிய நேரம் கிடைப்பதில்லை. உடலின் எல்லாப் பாகங்களும் ஒரே வேகத்தில் நைட்ரஜனை ஏற்பதில்லை என்பதையும் அவர் கணக்கில் எடுத்துக்கொண்டார். 5 நிமிடம் முதல் 75 நிமிடம் வரை வெவ்வேறு வேகமுடைய ஐந்து வகைத் திசுக்களைக் கற்பனையாக வைத்து அட்டவணை போட்டார்.

1906இல் ஸ்காட்லாந்தின் மேற்குக் கடற்கரையில் மனிதர்களைக் கொண்டு சோதனை நடந்தது. டாமண்டும் கேட்டோ என்ற மற்றொரு கடற்படையினரும் 210 அடி, அதாவது 64 மீட்டர் ஆழம் இறங்கி நலமாகத் திரும்பினார்கள். பதின்மூன்று வயதான தம் மகன் ஜாக்கையும் ஹால்டேன் ஒருமுறை இறக்கினார். பெரியவர்களுக்கான உடை பையனுக்குத் தளர்வாக இருந்ததால் தண்ணீர் உள்ளே கசிந்துவிட்டது. பையன் பதறாமல் காற்றைச் சரிசெய்துகொண்டு மேலே வந்தானாம். இதைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. எல்லாருக்கும் கருவி சரியாக இருக்க வேண்டும் என்று சொன்னவர், தம் மகனுக்குப் பொருந்தாத உடையை அணிவித்து இறக்கியது அவருடைய குறையே. பெரியவர்களின் வாழ்வை எழுதும்போது இதையும் எழுதியாக வேண்டும்.

1908இல் இந்த ஆய்வு முழுமையாக வெளியானது. பிரிட்டிஷ் கடற்படை இந்த அட்டவணையை ஏற்றது. பிற நாடுகளும் பின்பற்றின. அதன் பயனை டாமண்ட்டே நிறுவினார். 1917இல் அயர்லாந்துக் கடலோரத்தில் மூழ்கிய லாரன்டிக் கப்பலில் 3,211 தங்கக் கட்டிகள் இருந்தன. 1924 வரை நடந்த பணியில் 25 நீங்கலாக மற்ற அனைத்தையும் அவருடைய குழு மேலே கொண்டு வந்தது. ஆயிரக்கணக்கான முறை இறங்கியும் ஒரு முக்குளிப்பாளர்கூட உயிரிழக்கவில்லை.

ஹால்டேனின் கணக்கு முற்றும் சரியானதன்று. நெடுநேரம் ஆழத்தில் இருப்பவர்களுக்கு அது போதிய பாதுகாப்புத் தரவில்லை என்று பின்வந்தவர்கள் கண்டு திருத்தினார்கள். ஆனால் திருத்துவதற்கு ஒரு கணக்கு வேண்டுமல்லவா? இன்று முக்குளிப்பாளர்கள் மணிக்கட்டில் கட்டும் கணினிகளில் பல, அவர் தொடங்கி வைத்த திசுக் கணக்கின் வழி வந்தவையே.

வீடும் போரும் முடிவும்

ஆக்ஸ்ஃபோர்டில் அவருடைய வீட்டிலேயே ஆய்வுக்கூடம் இருந்தது. மறதிக்கும் அவர் பெயர்பெற்றவர். விருந்தினர் காத்திருக்க, உடை மாற்ற மாடிக்குப் போனவர், உடையைக் கழற்றியதும் தூங்கும் நேரம் என்று நினைத்துப் படுத்துவிட்டார் என்றொரு கதை உண்டு. 1891இல் லூயிசா கேத்லின் டிராட்டரை மணந்தார். மகள் நவோமி மிச்சிசன் புகழ்பெற்ற நாவலாசிரியை. மகன் ஜே. பி. எஸ். ஹால்டேன் மரபியல் அறிஞர். தந்தையைப் போலவே தம் உடலில் சோதனை செய்தவர். 1939இல் தீட்டிஸ் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் மாண்டபின், கடற்படைக்காக அழுத்த அறைக்குள் அமர்ந்தவர் அவர். 1957இல் இந்தியாவுக்குக் குடியேறி, இந்தியக் குடிமகனாகவே 1964இல் புவனேஸ்வரத்தில் காலமானார்.

1915 ஏப்ரலில் ஜெர்மானியப் படை நச்சுக்காற்றை ஏவியபோது, ஐம்பத்தைந்து வயதை நெருங்கிய தந்தை ஹால்டேன் பிரான்சின் போர்முனைக்கு விரைந்தார். அது குளோரின் என்று உறுதி செய்தார். ஊர் திரும்பி, முகமூடி செய்வதற்காகத் தாமே அந்தக் காற்றை முகர்ந்தார். நுரையீரல் கெட்ட வீரர்களுக்கு ஆக்சிஜன் கொடுக்கும் கருவியையும் அமைத்தார். மூச்சுத்திணறலுக்கு முறையாக ஆக்சிஜன் கொடுக்கும் சிகிச்சை இதனால் வளர்ந்தது. என் நண்பனின் முகத்தில் லுமுட்டில் பொருத்திய முகமூடியை இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

முதுமையிலும் அவர் ஓயவில்லை. பாரசீக எண்ணெய் வயல்களில் தொழிலாளர் வெப்பத்தால் மாள்வதை ஆராய எழுபத்தைந்து வயதில் பயணம் போனார். திரும்பி வந்து சில நாள்களில் நோயுற்று, 1936 மார்ச் நடுவில், ஆக்ஸ்ஃபோர்டில் காலமானார். கடைசி நாள்களில் அவர் மூச்சுவிட ஆக்சிஜன் கூடாரம் உதவியது என்பர்.

நமக்கு என்ன?

2022 ஏப்ரலில் ஜொகூர், மெர்சிங் அருகே பயிற்சிக்காக இறங்கிய நால்வர் மேலே வந்தபோது, அவர்களை ஏற்றி வந்த படகு அங்கில்லை. நீரோட்டம் அவர்களை இழுத்துச் சென்றது. மூவர் மீட்கப்பட்டனர், சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். படகோட்டி போதைப்பொருள் உட்கொண்டிருந்தது சோதனையில் தெரியவந்தது. இதற்குப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. படகில் தெளிந்த அறிவோடு ஒருவர் காத்திருக்க வேண்டும் என்பதே அங்கு மீறப்பட்ட விதி. 

பொழுதுபோக்கு முக்குளிப்பு நிறுவனங்கள் என்னென்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஐஎஸ்ஓ 24803 என்ற அனைத்துலகத் தரமே இருக்கிறது. தரம் தாளில் இருக்கும். தாள் தண்ணீருக்குள் வராது. எனவே தம்பி தங்கையரே, பணம் கட்டுவதற்கு முன் சிலவற்றைக் கேளுங்கள். நம் உடல்நிலையைப் பற்றி விசாரிக்கிறார்களா? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? நான்கு பேருக்கு மேல் என்றால் புதியவர்கள் இறங்க வேண்டாம். படகில் ஆக்சிஜன் இருக்கிறதா? படகோட்டி படகிலேயே இருப்பாரா? தோம்புக் காற்றை எப்போது சோதித்தார்கள்? அருகில் அழுத்த அறை எங்கே? ஏறும்போது நிமிடத்திற்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாதீர்கள். 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நில்லுங்கள். ஒரே ஒருமுறை இறங்கியிருந்தால் 12 மணி நேரமும், பல நாள்கள் இறங்கியிருந்தால் 18 மணி நேரமும் விமானத்தில் பறக்க வேண்டாம். மலைச் சாலைக்கும் இதே எச்சரிக்கை. நம் பேராக் பிள்ளைகள் கிழக்குக் கரையிலிருந்து வீடு திரும்பும் வழியில் தித்திவங்சா நிற்கிறது. இதை எங்களுக்கு அந்தத் தீவில் ஒருவரும் சொல்லவில்லை. கேட்கவும் எங்களுக்குத் தெரியவில்லை.

கேட்டால் கோழை என்று சிரிப்பார்களோ என்ற கூச்சம் நமக்கு உண்டு. அன்று தோள் வலித்தபோது என் நண்பன் இரண்டாம் முறை வாய் திறக்காததற்கும் அதுவே காரணம். பிறகு அவனே என்னிடம் சொன்னான். ஹால்டேன் தம் வாழ்நாள் முழுவதும் சுரங்கத்திலும் கடலிலும் போர்முனையிலும் கேட்டது ஒன்றைத்தான்: இந்த மனிதன் என்ன காற்றை மூச்சிழுக்கிறான்? அக்கேள்வியை நாம் நமக்காகக் கேட்பதில் வெட்கம் எதற்கு?

என் நண்பன் இவ்வாண்டு மீண்டும் கடலுக்குப் போக விரும்புகிறான். மருத்துவரிடம் அனுமதி கேட்டிருக்கிறான். கிடைத்தால் நானும் உடன் செல்வேன். திரும்பும்போது கரையிலேயே ஓர் இரவு தங்கிவிட்டு, மறுநாள் மலை ஏறுவதாக இருவரும் முடிவு செய்திருக்கிறோம்.